மேசைமேல் ஒரு விண்கலம்

கப்பல், வானூர்தி முதலியவற்றின் சிற்றுருவை அமைப்போர் மூலப்பொருளை அளந்தறிந்து அமைப்பர். எவரும் கண்டிராத பொருளுக்குச் சிற்றுரு அமைப்பது எங்ஙனம்? அறிவியற் புனைகதைகளில் வரும் விண்கலங்கள் கற்பனையிற் பிறந்தவை. எனினும், அவற்றின் சிற்றுருவைக் காண்போர் மெய்க்கலமே என மயங்குகின்றனர். அம்மயக்கத்தை விளைவிப்பன அளவும் நுண்மையுமே ஆகும்.

1977ஆம் ஆண்டில் 'ஸ்டார் வார்ஸ்' என்னும் அமெரிக்கத் திரைப்படம் வெளிவந்தது. அதன் தொடக்கத்தில் பெரும் போர்க்கலம் ஒன்று திரையை நிறைத்துச் செல்லும். கதையின்படி அதன் நீளம் 1,600 மீட்டர். படம்பிடிக்கப் பயன்பட்ட சிற்றுருவோ ஏறத்தாழ 90 சென்டிமீட்டரே! சிறியது பெரியதாகத் தோன்றியது எவ்வாறு? கடைகளில் விற்கும் டாங்கி, போர்க்கப்பல், வானூர்தி ஆகியவற்றின் சிற்றுருப் பெட்டிகளைக் கலைஞர் வாங்கினர். அவற்றிலிருந்த நுண்ணிய உறுப்புகளை எடுத்துக் கலங்களின் மேற்பரப்பில் ஒட்டினர். ஒரு பொருளின் பருமையை அதன்மீதுள்ள சிறுபொருள்களைக் கொண்டே கண் மதிப்பிடும். வழவழப்பான பரப்பில் கண்ணுக்கு அளவுகோல் இல்லை.

இன்று இத்தகைய கலங்களின் உறுப்புகள் பிளாஸ்டிக்கில் வார்க்கப்பட்டுப் பெட்டிகளில் விற்கப்படுகின்றன. அப்படத்தில் வரும் 'மில்லேனியம் ஃபால்கன்' என்னும் கலம் 1:72 விகிதத்தில் ஏறத்தாழ 48 சென்டிமீட்டர் நீளமாகும். அவ்விகிதத்தில் 180 சென்டிமீட்டர் உயரமுள்ள மனிதன் 2.5 சென்டிமீட்டரே இருப்பான். இணைப்பில் அரை மில்லிமீட்டர் இடைவெளி நேர்ந்தால், மெய்க்கலத்தில் அது 36 மில்லிமீட்டர் பிளவாகும். காற்றில்லா வெளியில் அப்பிளவோடு செல்லும் கலத்தில் எவர் உயிர்வாழ்வர்? ஆதலின் சிறு பிழையும் ஈண்டுப் பெரும் பிழையே.

அமைப்போன் முதலில் உறுப்புகளைச் சட்டத்தினின்று வெட்டியெடுத்து, வெட்டுத் தழும்புகளை உப்புத்தாளால் தேய்க்கவேண்டும். பசையிடுமுன் பொருத்திப் பார்த்தல் நன்று. இதற்குரிய பசை பிளாஸ்டிக்கைச் சிறிதே கரைத்து இரு பகுதிகளையும் ஒன்றாக்கும். மிகுந்தால் உருவையே சிதைக்கும். இணைப்பில் இடைவெளி இருப்பின் பட்டியிட்டுத் தேய்த்து, அடிப்பூச்சும் மெல்லிய வண்ணப்பூச்சும் இடுதல் வேண்டும்.

அதன்பின் நுண்பணி தொடங்கும். நீர்த்த கரும்பழுப்பு வண்ணத்தைத் தூரிகை நுனியால் தகட்டுக் கோடுகளில் தொட்டால், அது நுண்புழைத் தன்மையால் கோடு நெடுகத் தானே ஓடும். மிகுதியைத் துடைத்துவிட்டால் ஒவ்வொரு தகடும் தனித்தனியே தெரியும். துடைத்து உலர்ந்த தூரிகையில் வெளிர்நிறம் கொண்டு மேடான விளிம்புகளைத் தடவினால், அவை ஒளிபட்டன போல் விளங்கும்.

கறையும் புகையும் தீட்டுவதில் அடக்கம் வேண்டும். பொறியின் பின்புறம் புகை படியும். அடிக்கடி திறக்கும் கதவருகே வண்ணம் தேயும். காரணமில்லாத கறை வெறும் அழுக்கே. எனவே, அக்கலம் எங்குச் சென்றது, எவற்றிற்கு ஆட்பட்டது என்று எண்ணிய பின்னரே தூரிகையை எடுத்தல் வேண்டும்.

1966இல் தொடங்கிய 'ஸ்டார் டிரெக்' என்னும் தொலைக்காட்சித் தொடரின் 'எண்டர்பிரைஸ்' கலச் சிற்றுரு, வாஷிங்டனிலுள்ள தேசிய வான், விண்வெளி அருங்காட்சியகத்திற்கு 1974இல் வழங்கப்பட்டது. ஏறத்தாழ 3.4 மீட்டர் நீளமுள்ள அதன் வலப்புறமே முழுமையாகச் செய்யப்பட்டது. இடப்புறத்தில் மின்கம்பிகள் புகுந்தன. கேமரா கண்டது ஒரு புறத்தையே. அதனால் அதற்கு அது போதும். மேசைமேல் உள்ள கலத்தையோ காண்பவர் கையிலெடுத்துத் திருப்பிப் பார்ப்பர். பிறர் நோக்காத அடிப்புறத்தையும் செம்மையாக முடிப்பவனே இக்கலையில் தேர்ந்தவன் ஆவான்.