கற்பிட்டி மணலின் நன்னீர்

புத்தளக் கடனீரேரிக்கும் இந்து சமுத்திரத்துக்கும் இடையே நீண்டு கிடக்கும் மணற்பரப்பே கற்பிட்டித் தீபகற்பமாகும். இங்கே ஆறு யாதும் பாயவில்லை. எனினும் வெங்காயமும் மிளகாயும் மரக்கறியும் செழித்து வளர்கின்றன. இதற்குக் காரணம் யாது?

மாரி நீர் மணலினூடே இறங்கி, தன்னிலும் அடர்த்தி மிக்க உப்புநீரின்மேல் வில்லை வடிவில் மிதக்கின்றது. கடல் மட்டத்துக்கு மேல் 1 அடி நன்னீர் நிற்பின், அம்மட்டத்துக்குக் கீழே ஏறத்தாழ 40 அடி நன்னீர் இருக்கும் என்பது நிலநீரியலார் கண்ட விதி. ஆகவே நீர்மட்டம் 1 அடி தாழ்ந்தே நிற்குமாயின், உப்புநீர் காலப்போக்கில் 40 அடி மேலெழும்.

கையால் இறைத்த காலத்தில் உடல் வலிமையே இறைப்புக்கு எல்லையாயிற்று. நீர்ப்பம்பி வந்தபின் தோட்டங்கள் விரிந்தன, விளைவு பெருகிற்று, அவ்வெல்லையோ மறைந்தது.

பிறிதொரு கேடும் உண்டு. மணல் பசளையைப் பற்றி வைப்பதன்று. மிகையாக இட்ட பசளையின் நைத்திரேற்று, பாய்ச்சிய நீருடனே மீண்டும் நிலநீரை அடைகின்றது. குடிநீரில் இலீற்றருக்கு 50 மில்லிகிராம் நைத்திரேற்றே உலக சுகாதார நிறுவனம் வகுத்த எல்லை. கற்பிட்டிக் கிணறுகள் பல இவ்வெல்லையைத் தாண்டியமையை ஆய்வுகள் காட்டியுள்ளன. மிகுந்த நைத்திரேற்று, கைக்குழந்தையின் குருதி ஒட்சிசனைச் சுமக்கும் ஆற்றலைக் குறைக்கும்.

தோட்டக் கிணறும் குடிகிணறும் ஒரே நீரையே பகிர்கின்றன. பயிர் வேண்டும் வேளையிற் பசளையைச் சிறிது சிறிதாக இடுதலும், அளவறிந்து இறைத்தலும் அந்நீரைக் காக்கும் வழிகளாம். நிலத்தைப் பயன்கொள்வோர் நிலத்தடியையும் அறிதல் வேண்டும்.