தம்பி, கோபத்தை யார்மேல் இறக்குகிறாய்?

அன்பின் தம்பி,

கடிதம் கிடைத்தது. சுகம் விசாரிக்க இரண்டு வரி, சண்டை பிடிக்க இரண்டு பக்கம். உன் குணம் மாறவே இல்லை!

"குண்டு வைத்தவன் குர்ஆனைச் சொல்லித்தானே வைத்தான், அப்படியென்றால் மார்க்கத்திலேயே பிழை இருக்கத்தானே வேணும்" என்று கேட்கிறாய். கொட்டாஞ்சேனையில் வளர்ந்த பிள்ளைக்கு அந்தக் கோபம் வரும். 2019 ஏப்ரல் 21ஆம் திகதி, உயிர்த்த ஞாயிறன்று கொச்சிக்கடை அந்தோனியார் கோவிலில் செத்தது எங்கள் சனம். நாடு முழுக்க 250க்கும் மேற்பட்ட உயிர்கள். உன் கோபத்தை நான் குறை சொல்லவில்லை. அதைக் கொண்டுபோய் யார் தலையில் இறக்குகிறாய் என்பதுதான் எனக்குக் கவலை.

அந்தக் குண்டுதாரிகளின் தலைவன் சஹ்ரான். அவனுடைய ஆட்கள் அதற்கு இரண்டு வருடம் முன்பே, 2017 மார்ச்சில், காத்தான்குடியில் வாளோடு போய் யாரை அடித்தார்கள் தெரியுமா? தங்கள் ஊர் சூஃபி முஸ்லிம்களை. பிடியாணை வந்தது, அவன் தலைமறைவானான். அவன் ஆபத்தானவன் என்று முதலில் முறையிட்டவர்களும் முஸ்லிம்களே. "அப்படியென்றால் ஏன் வாய் திறக்கவில்லை" என்று இனிமேல் கேட்காதே. திறந்தார்கள், கேட்கவேண்டியவர்கள் கேட்கவில்லை. குண்டுதாரிகளின் மையித்துகளை (உடல்களை) ஏற்க மாட்டோம் என்று மார்க்க அறிஞர்களின் சபையான ஜம்இய்யத்துல் உலமா சொன்னது. குண்டுவெடிப்புக்குப் பிறகு சாய்ந்தமருதில் ஒளிந்திருந்த அவன் கூட்டத்தைப் பற்றித் தகவல் கொடுத்ததும் அந்த ஊர் முஸ்லிம்கள்தான்.

அடுத்து தாடி, அபாயா, அரபு எழுத்து எல்லாம் தீவிரவாத அடையாளம் என்று பட்டியல் போட்டிருக்கிறாய். இதிலேதான் உன் காதைத் திருகவேணும் போலிருக்கிறது. வெள்ளவத்தையில் எங்களுக்குக் கீழ்வீட்டில் இருந்த குடும்பம் வாசலுக்கு மேலே ஆயத்துல் குர்ஸி என்ற குர்ஆன் வசனத்தை மாட்டியிருந்தது. கறுப்பு வெல்வெட்டில் தங்க எழுத்து. வீட்டைக் காக்கவேண்டும் என்று மாட்டுவது. குண்டுவெடிப்புக்குப் பிறகு வீட்டுச் சோதனை வருகிறது என்றதும் அந்த உம்மா கதிரையில் ஏறி அதைக் கழற்றினா. சுவரில் ஆணியும் வெளிறிய சதுரமும்தான் மிச்சம். அந்த நாட்களில் ஹசலகவில் ஒரு பெண்ணைக் கைதுசெய்தார்கள். சட்டையில் இருந்த கப்பற்சுக்கானைப் பௌத்தரின் தர்மசக்கரம் என்று நினைத்துவிட்டார்களாம்! எங்களுக்கு இது புதிதா? 83 கலவரத்தில் உன் அம்மம்மா பொட்டை அழித்துவிட்டுத்தானே தெருவில் இறங்கினா? 2007 ஜூனில் வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை லொட்ஜுகளில் இருந்த தமிழரை, புலி வந்துவிடும் என்று சொல்லி, பஸ்ஸில் ஏற்றி வவுனியாவுக்கு அனுப்பினார்களே. அடையாள அட்டையில் பெயரைப் பார்த்தவுடன் முகம் மாறுகிற பொலிஸ்காரனை நீயும் கண்டவன்தான்.

"அது வேறு, அது இனம். இது மதம்" என்பாய். சரி, 1990 ஆகஸ்ட் 3ஆம் திகதிக்கு வருவோம். காத்தான்குடிப் பள்ளிகளில் இரவுத் தொழுகையில் நின்ற நூற்றுக்கு மேற்பட்டவர்களைப் புலிகள் சுட்டுக் கொன்றார்கள். எங்கள் பெயரில், எங்கள் விடுதலைக்கு என்று சொல்லிப் போராடியவர்கள்தான். நீ அப்போது பிறக்கவும் இல்லை. காத்தான்குடிக்காரன் ஒருவன் உன் சட்டையைப் பிடித்து "இதற்குப் பதில் சொல்" என்றால் நீ என்ன சொல்வாய்?

மார்க்கத்துக்குள் விவாதமே இல்லை என்றும் நான் சொல்லமாட்டேன். தர்கா வேண்டும், வேண்டாம் என்று வீட்டுக்கு வீடு அண்ணன் தம்பி பேசாமல் இருக்கிறார்கள். இறுக்கமான பிரசங்கங்களைப் பற்றி முஸ்லிம்களே கவலைப்பட்டு எழுதுகிறார்கள். அதைப் படி, தாராளமாய்க் கேள். ஆனால் தர்காவுக்குப் போகாதே என்பவனையும் குண்டைக் கட்டிக்கொண்டு கோவிலுக்குள் வந்தவனையும் ஒரே பாயில் உட்கார வைக்காதே.

இன்னொன்று. 2019 ஏப்ரல் 4ஆம் திகதியே இந்தியாவிலிருந்து தாக்குதல் பற்றி எச்சரிக்கை வந்துவிட்டது. கோவில்களுக்கு ஒரு வார்த்தை சொல்லவில்லை. 2023 ஜனவரியில் உயர்நீதிமன்றம் முன்னாள் ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேனவுக்கு 10 கோடி ரூபாய் இழப்பீடு கட்டச் சொன்னது இதற்காகத்தான். பதினேழு நாள் அந்த எச்சரிக்கை யார் மேசையில் கிடந்தது என்று உன் இரண்டு பக்கத்தில் ஒரு வரிகூட இல்லையே, தம்பி. அதைக் கேட்டு எழுது. உடனே பதில் போடுகிறேன்.

உன் அக்கா