முதலில் ஒரு ஊரைக் கட்டுங்கள்

சொந்தமாக ஒரு கற்பனை உலகத்தை உருவாக்கி அதில் ஒரு கேம்பெய்ன், அதாவது பல மாலைகள் தொடர்கிற கதையாட்டம், நடத்த வேண்டும் என்று யோசனை கேட்டு வருகிற தம்பிகளும் தங்கைகளும் பெரும்பாலும் ஒரு தடித்த நோட்டோடு வருகிறார்கள். நான்கு கண்டங்கள், மூவாயிரம் வருட வரலாறு, கடவுள்களின் பட்டியல், அரச வம்சங்கள் எல்லாம் அதில் இருக்கும். முதல் நாள் மாலை ஆட்டக்காரர்கள் எங்கே நிற்கிறார்கள், அவர்கள் கண் முன்னால் என்ன நடக்கிறது என்பது மட்டும் எழுதப்பட்டிருக்காது. அந்த ஒரு பக்கத்தைத்தான் முதலில் எழுத வேண்டும். டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஆட்டத்தை நடத்துகிற டிஎம் இருக்கையில் நெடுங்காலம் உட்கார்ந்தவன் என்ற உரிமையில் சிலவற்றைச் சொல்கிறேன்.

1. சின்ன இடத்தில் தொடங்குங்கள். இந்த ஆட்டமே அப்படித்தான் பிறந்தது. அமெரிக்காவின் மினசோட்டாவில் டேவ் ஆர்னிசன் 1971-இல் நண்பர்களை வைத்து நடத்தத் தொடங்கிய பிளாக்மூர் என்ற கேம்பெய்னின் நடுவே இருந்தது ஒரு கோட்டை, அதன் நிலவறை, பக்கத்தில் ஓர் ஊர். அதை ஆடிப் பார்த்த கேரி கைகாக்ஸ், விஸ்கான்சின் மாநிலத்து லேக் ஜெனீவாவில் தன் பங்குக்கு ஒரு பாழ்கோட்டையையும் அதன் அடியில் ஒரு நிலவறையையும் வரைந்தார். அதற்குள் முதலில் இறங்கியவர்கள் அவருடைய மகன் எர்னியும் மகள் எலீஸும். கிரேஹாக் என்ற நகரமும் அதைச் சுற்றிய நாடுகளும் ஆட்டம் நடக்க நடக்கத்தான் விரிந்தன. 1974-இல் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் அச்சில் வந்தது. கிரேஹாக் உலகம் வரைபடத்தோடு தனி நூலாக வந்தது 1980-இல். நிலவறை முதலில், உலகம் பிறகு.

இதற்கு மாறான உதாரணமும் உண்டு. கனடாவின் எட் கிரீன்வுட், இந்த ஆட்டம் வருவதற்கு முன்பே, சிறுவனாக இருந்தபோதே தன் உலகத்தில் கதைகள் எழுத ஆரம்பித்தவர். அதுதான் 1987-இல் ஃபர்காட்டன் ரெல்ம்ஸ் என்று வெளியானது. உலகம் படைப்பது பெரிய இன்பம், அதை நான் மறுக்கவே மாட்டேன். ஆசை தீர எழுதுங்கள். அதை எழுதி முடித்தால்தான் ஆட்டம் என்று மட்டும் நிபந்தனை வைக்காதீர்கள்.

2. ஊரைக் கட்டுவதற்கும் முன்னால் ஆட்களோடு பேசுங்கள். செஷன் ஜீரோ என்று ஒரு மாலையை இதற்கென்றே ஒதுக்குங்கள். எத்தனை பேர், எத்தனை நாளுக்கு ஒருமுறை, எத்தனை மணி நேரம், ஒருவர் வராவிட்டால் ஆட்டம் உண்டா இல்லையா என்பதையெல்லாம் அன்றைக்கே முடிவு செய்துவிடுங்கள். பெரும்பாலான கேம்பெய்ன்களை முடித்து வைப்பது டிராகன் அல்ல, நேரம் ஒத்துவராததுதான்.

அதைவிட முக்கியமானது, எதெல்லாம் இந்த மேசைக்கு வரக்கூடாது என்ற பேச்சு. ரான் எட்வர்ட்ஸ் என்ற ஆட்ட வடிவமைப்பாளர் இதற்குக் கோடு, திரை என்று இரண்டு வகை சொன்னார். கோடு போட்ட விஷயம் ஆட்டத்தில் வரவே வராது. திரை போட்ட விஷயம் கதையில் நடக்கலாம், ஆனால் யாரும் விவரிக்கக் கூடாது. குழந்தைகள் மீதான கொடுமை, பாலியல் வன்முறை போன்றவற்றை நீங்களே முதலில் கோட்டுக்கு அப்பால் தள்ளிவிட்டுப் பேச்சைத் தொடங்குங்கள். மற்றவர்களுக்கும் வாய் திறக்கத் தைரியம் வரும். யாரிடமும் காரணம் கேட்காதீர்கள்.

அன்றே கேரக்டர்களையும் சேர்ந்து உருவாக்குங்கள். ஒவ்வொருவரும் பக்கத்தில் இருப்பவரின் கேரக்டரை ஏற்கெனவே அறிந்திருக்க வேண்டும்: அண்ணன் தங்கை, பழைய கடன், சேர்ந்து செய்த ஒரு தப்பு, எதுவானாலும் சரி. முன்பின் தெரியாத நான்கு பேர் ஒரு விடுதியில் தற்செயலாகச் சந்திப்பதாகத் தொடங்கினால், அவர்கள் ஏன் சேர்ந்து போக வேண்டும் என்பதற்குப் பதில் தேடியே முதல் நாள் போய்விடும்.

3. இப்போது ஊர். விதிப்படி சாதாரண நடையில் ஒரு நாளில் 24 மைல், அதாவது சுமார் 38 கிலோமீட்டர் போகலாம். அந்தத் தூரத்துக்குள் இருப்பதை மட்டும் வரைந்தால் போதும். ஓர் ஊர், ஒரு ஆபத்தான இடம், இரண்டுக்கும் நடுவே ஒரு வழி. கைகாக்ஸ் எழுதிய ‘கீப் ஆன் தி பார்டர்லேண்ட்ஸ்’ என்ற சாகச நூல் இந்த அளவில் அமைந்ததுதான்: எல்லையில் ஒரு கோட்டை, நடந்து போகும் தூரத்தில் குகைகள். அந்தக் கோட்டைவாசிகளுக்கு அவர் பெயர்கூட வைக்கவில்லை, நடத்துகிறவரே வைத்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டார். தலைமுறை தலைமுறையாக டிஎம்கள் அதில்தான் நடத்தப் பழகினார்கள்.

பேச்சுக்கு ஓர் ஊர் வைத்துக்கொள்வோம். பெயர் நெடுந்துறை. ஆற்றங்கரையில் ஓடம் விட்டுப் பிழைக்கிற ஊர். எதிர்க்கரையில் ஒரு பாழடைந்த சுங்கக் கோட்டை. மூன்று நாளாக அங்கே இரவில் வெளிச்சம் தெரிகிறது. இவ்வளவு போதும்.

4. முதல் காட்சியை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். மற்ற எதையும் வாய்க்கு வந்தபடி சமாளிக்கலாம், இதை மட்டும் சமாளிக்க நினைக்காதீர்கள். ஆட்டக்காரர்கள் கூச்சத்தோடும் புதுப் பகடைகளோடும் உட்கார்ந்திருப்பார்கள். அவர்களைப் பார்த்து “என்ன செய்யப் போகிறீர்கள்?” என்று வெறுமனே கேட்டால் பதில் வராது. எதையாவது நடக்க விட்டுவிட்டுக் கேளுங்கள். நெடுந்துறையில் என்றால், ஓடம் நடு ஆற்றில் போகிறது, கரையில் கட்டியிருந்த கயிறு அறுபடுகிறது, எதிர்க்கரைப் புதரிலிருந்து ஓர் அம்பு வந்து ஓடக்காரர் மருதனின் தோளில் பாய்கிறது. “என்ன செய்யப் போகிறீர்கள்?” இப்போது நான்கு பேரும் ஒரே நேரத்தில் பேசுவார்கள்.

5. அந்த அம்பை எய்தவை கோப்ளின்கள் என்றால், புதரில் அவை எத்தனை என்பதை எண்ணி வையுங்கள். புதியவர்கள் அதிகம் இடறுவது இங்கேதான், அதனால் கணக்கோடு சொல்கிறேன். ஐந்தாம் பதிப்பின் 2014 விதிகளில் முதல் லெவல் விசார்டுக்கு ஹிட் பாயின்ட் ஆறு, அதோடு கான்ஸ்டிடியூஷன் போனஸ். பெரும்பாலும் ஏழு, எட்டில் நிற்கும். ஒரு கோப்ளினின் வெட்டு சராசரியாக ஐந்து டேமேஜ். இரண்டு வெட்டில் விசார்ட் தரையில் கிடப்பார்.

ஒரு கோப்ளினுக்கு 50 எக்ஸ்பி (அனுபவப் புள்ளி). நான்கு வந்தால் 200, கூட்டமாக வருவதால் இரண்டால் பெருக்கி 400. முதல் லெவல் கேரக்டர்கள் நான்கு பேருக்கு உயிராபத்து என்று விதிநூல் குறிக்கிற எல்லையும் சரியாக 400தான். அதே 2014-இல் வந்த ஸ்டார்ட்டர் செட்டின் முதல் சாலை மறிப்பிலேயே நான்கு கோப்ளின்கள் இருக்கின்றன. அந்தச் சாலையில் விழுந்த கேரக்டர்கள் ஏராளம். நீங்கள் இரண்டோடு தொடங்குங்கள். கூட்டம் சிறிதானால் பெருக்கலும் குறையும், 150தான் வரும், எளிய சண்டை. தேவைப்பட்டால் மூன்றாவது கோப்ளின் சத்தம் கேட்டு ஓடிவரட்டும். தோற்கிற பக்கம் ஓடலாம், சரணடையலாம், வெல்கிற பக்கம் ஆளைப் பிடித்துக்கொண்டு போகலாம் என்பதையும் நினைவில் வையுங்கள்.

6. கதையை எழுதாதீர்கள், ஆட்களின் ஆசையை எழுதுங்கள். “பிறகு அவர்கள் கோட்டைக்குப் போவார்கள், அங்கே பூசாரி துரோகி என்று தெரியவரும்” என்று நோட்டில் எழுதியிருந்தால், ஆட்டக்காரர்கள் வேறு பக்கம் திரும்பியதும் உங்களுக்கு வியர்க்கும். பிறகு அவர்களை இழுத்துப் பிடித்து உங்கள் வழிக்குக் கொண்டுவரப் பார்ப்பீர்கள். ஆட்டத்தின் உயிர் போவது அப்போதுதான். மாறாக இப்படி எழுதுங்கள்: ஊர்த்தலைவி சந்தை நாளுக்குள் ஓடம் ஓட வேண்டும் என்கிறாள். கோட்டையில் ஒளிந்திருப்பது தன் தம்பி என்று பூசாரிக்குத் தெரியும், அவனைக் காப்பாற்ற நினைக்கிறார். அந்தத் தம்பி கோப்ளின்களைக் கூலிக்கு வைத்துச் சுங்க நிலவறையில் எதையோ தோண்டுகிறான். ஆட்டக்காரர்கள் எந்தப் பக்கம் போனாலும் இந்த மூன்று பேரும் அடுத்து என்ன செய்வார்கள் என்று உங்களுக்குத் தெரியும்.

அவர்கள் கண்டுபிடித்தே ஆக வேண்டிய உண்மை ஒன்று இருந்தால், அதற்கு மூன்று தடயமாவது வையுங்கள் என்பது ஆட்ட எழுத்தாளர் ஜஸ்டின் அலெக்ஸாண்டர் சொன்ன வழி. ஒன்றைக் கவனிக்க மாட்டார்கள், இன்னொன்றைத் தப்பாகப் புரிந்துகொள்வார்கள், மூன்றாவது கைகொடுக்கும்.

7. திடீரென்று வந்து நிற்கிற ஊர்க்காரர்களுக்கென்று இருபது பெயர்களை எழுதிக் கையோடு வைத்திருங்கள். வாயில் எளிதாக வருகிற பெயர்கள் மட்டும்.

8. வரைபடத்தில் வெற்றிடம் விடுங்கள், அதை ஆட்டக்காரர்களைக் கொண்டே நிரப்புங்கள். “உன் குருகுலம் எங்கே இருந்தது? ஏன் அதை விட்டு வந்தாய்?” என்று விசார்டாக ஆடுகிறவளிடம் கேளுங்கள். அவள் மலைக்கு அப்பால் எரிந்துபோன ஒரு நூலகத்தைச் சொன்னால், அந்த நொடியிலிருந்து உங்கள் உலகத்தில் அந்த நூலகம் உண்டு. உங்கள் நோட்டில் இருந்த மலைநாட்டை விட அது சிறந்தது. ஏனென்றால் அங்கே போக அவளுக்கு ஒரு காரணம் இருக்கிறது.

9. உலகம் உங்களுடையதாக இருக்கட்டும், விதிகளை ஆரம்பத்தில் உள்ளபடியே ஆடுங்கள். புத்தகம் வாங்கப் பணமில்லை என்று தயங்க வேண்டாம். ஐந்தாம் பதிப்பின் அடிப்படை விதிகளை எஸ்ஆர்டி 5.1 என்ற பெயரில் 2023 ஜனவரியில் ஆட்டத்தின் வெளியீட்டாளர்கள் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் விட்டுவிட்டார்கள். இலவசமாகக் கிடைக்கும். மூலத்தைக் குறிப்பிட்டால் அதை வைத்து நீங்களே எழுதி வெளியிடவும் செய்யலாம்.

10. முதல் ஆட்டத்தின் கடைசிக் கால்மணி நேரத்தைப் பேச்சுக்கு வைத்துக்கொள்ளுங்கள். எது பிடித்தது, அடுத்த முறை எங்கே போகிறீர்கள் என்று நேராகக் கேளுங்கள். கோட்டைக்கு என்றால் கோட்டையை மட்டும் தயார் செய்யுங்கள். ஆற்றோடு கீழே போகப் போகிறோம் என்றால் ஆற்றை வரையுங்கள். அடுத்த தேதியைக் குறித்த பிறகே எல்லோரையும் எழுந்திருக்க விடுங்கள்.

இதற்கு மேல் தயாரிப்பு வேண்டாம். இந்த வாரமே நான்கு பேரைக் கூப்பிடுங்கள்.