பத்தடிக்கு எட்டடி: ஒரு படுக்கையறைப் பாடம்

(பத்தாம் வகுப்பு மாணவி)

முன்னுரை

உண்ண உணவு, உடுக்க உடை, இருக்க இடம் ஆகிய மூன்றும் மனிதனின் அடிப்படைத் தேவைகள் என்று நாம் சிறு வகுப்பிலேயே படித்திருக்கிறோம். இருக்கும் இடத்தை எப்படி அமைத்துக்கொள்வது என்பதைப் படிக்க மட்டும் நமக்கு நேரம் வாய்ப்பதில்லை. நாளின் மூன்றில் ஒரு பங்கை நாம் உறக்கத்தில் கழிக்கிறோம். ஆனாலும் வீட்டில் எல்லா இடத்தையும் ஒழுங்கு செய்த பிறகு மீந்த பொருள்களை அடைத்து வைக்கும் இடமாகவே படுக்கையறையைப் பயன்படுத்துகிறோம்.

எங்கள் பள்ளி மனையியல் மன்றத்தில் சென்ற ஆண்டு எங்கள் நால்வருக்கும் ஒரு வேலை தரப்பட்டது. "ஏதேனும் ஒரு படுக்கையறையை அளந்து, அதில் எந்தெந்தப் பொருளை எங்கெங்கே வைக்கலாம் என்று வரைந்து வாருங்கள்" என்றார் மன்றப் பொறுப்பாளரான சிஸ்டர். விளையாட்டுப் போலத்தான் தொடங்கினோம். அது ஒரு குடும்பத்தின் கடன் சுமையில் போய் முட்டும் என்று அப்போது நாங்கள் நினைக்கவில்லை.

எங்கள் நால்வரில் ஒருத்தியின் அக்காவுக்குத் தை மாதத்தில் திருமணம் நிச்சயமாகியிருந்தது. அவள் தந்தை பெரம்பலூருக்கு அருகே பருத்தியும் மக்காச்சோளமும் பயிரிடும் சிறு விவசாயி. இரட்டைக் கட்டில், பீரோ, டிரெஸ்ஸிங் டேபிள் ஆகியவற்றை வட்டிக்குப் பணம் வாங்கிச் சீராகக் கொடுப்பதென்று வீட்டில் பேசி முடித்திருந்தார்கள். அக்கா தையல் படித்தவர். ரவிக்கை தைத்து வீட்டுச் செலவுக்குக் கைகொடுத்து வந்தவர். நாங்கள் அவர் வாழப்போகும் அறையையே எங்கள் பாடத்துக்கு எடுத்துக்கொண்டோம். தட்டு மாற்றப் போன அன்று எங்கள் தோழி ஓர் அளவு நாடாவையும் கையோடு கொண்டுபோய் அளந்து வந்தாள்.

முதலில் அளவு

அறையின் நீளம் பத்தடி, அகலம் எட்டடி. கிழக்குச் சுவரின் வடகோடியில் மூன்றடி வாசல். மேற்குச் சுவரில், வடபக்கமாக ஒரு ஜன்னல்.

வரைபடத் தாளில் ஓர் அடிக்கு இரண்டு செ.மீ. என்று அளவு வைத்தோம். அறை 20 செ.மீ. நீளமும் 16 செ.மீ. அகலமும் ஆயிற்று. பிறகு பழைய திருமண அழைப்பிதழ் அட்டையில் ஒவ்வொரு பொருளையும் அதே அளவில் வெட்டினோம். இரட்டைக் கட்டில் ஆறேகால் அடிக்கு ஐந்தடி. பீரோ, டிரெஸ்ஸிங் டேபிள், தையல் மிஷின் ஒவ்வொன்றும் ஏறக்குறைய மூன்றடிக்கு ஒன்றரை அடி.

கணக்குப் போட்டுப் பார்த்தோம். அறையின் பரப்பு 80 சதுர அடி. கட்டில் மட்டும் 31¼ சதுர அடி. மற்ற மூன்றும் சேர்ந்து 13½. ஆக 44¾ சதுர அடி, அதாவது அறையில் பாதிக்கும் மேல், மரத்துக்கும் இரும்புக்கும் போய்விடுகிறது. கதவு திறந்து மூட இன்னும் ஒன்பது சதுர அடி வேண்டும்.

அட்டைகளை வைத்துப் பார்த்தபோதுதான் உண்மை விளங்கிற்று. கட்டிலைச் சுவரோடு ஒட்டிப் போட்டால் பக்கத்தில் மூன்றடி வழி இருக்கும். அதில் டிரெஸ்ஸிங் டேபிளை வைத்ததும் நடக்க ஒன்றரை அடிதான் மிஞ்சியது. ஜன்னலடியில் மிஷினை வைத்தால் அது கட்டிலுக்கும் சுவருக்கும் இடையே இறுகிப்போகிறது. வலப்பக்கச் சக்கரத்தைச் சுற்றக் கைகூட நுழையாது. "மிஷின் இங்கேயே இருந்துட்டுப் போகட்டும்" என்று பெரியவர்கள் முன்பே சொல்லியிருந்தார்களாம். அதன் காரணம் அன்றுதான் எங்களுக்குப் புரிந்தது. சீர் உள்ளே வந்தால் அக்காவின் தொழில் வெளியே போக வேண்டும்.

காற்றும் வெளிச்சமும்

அறையில் பொருளை வைக்கும் முன் காற்று வரும் வழியைப் பார்க்க வேண்டும். எதிரெதிரே இரண்டு திறப்புகள் இருந்தால்தான் காற்று உள்ளே புகுந்து வெளியேறும். ஜன்னலை மறைத்துப் பீரோவை நிறுத்துவது மூக்கைப் பொத்திக்கொள்வதற்குச் சமம். சூடான காற்று மேலே எழும்பும் என்று அறிவியலில் படித்தோம். ஆகவே சுவரின் உச்சியில் உள்ள வெண்டிலேட்டரை அட்டையால் அடைக்கக் கூடாது.

செவிலியர் பணிக்கு வழிகாட்டிய பிளாரன்ஸ் நைட்டிங்கேல் அம்மையார் 1859-ல் வெளியிட்ட தம் நூலில், நோயாளியின் அறைக்கு முதல் தேவை தூய காற்று, அடுத்தது வெளிச்சம் என்று எழுதினார். கட்டிலைச் சுவரோடு ஒட்டிப் போடாமல் இரு பக்கமும் ஆள் போய்வர வழி விட வேண்டும் என்றும் கூறினார். சிறிய வீட்டில் இது முழுவதும் இயலாது. ஆயினும் அரையடி தள்ளிப் போட்டால் பெருக்கலாம், கொசுவலையைச் செருகலாம். மேலும், கோடையில் நம் ஊர் மேற்குச் சுவர் மாலை வெயிலில் சுட்டு இரவெல்லாம் அனலை விடுகிறது. தலைமாடு அதில் படாமல் இருப்பது நல்லது.

படிக்கவோ தைக்கவோ மேசை வேண்டுமானால் அதற்கு உரிய இடம் ஜன்னல் ஓரம்தான். வலக்கையால் எழுதுபவருக்கு இடப்பக்கமிருந்து வெளிச்சம் வந்தால் கையின் நிழல் தாளில் விழாது.

கட்டிலா, பாயா?

பாயை இகழ வேண்டாம். காலையில் சுருட்டி வைத்தால் அறை முழுதும் நமக்குக் கிடைக்கிறது. தாமிரபரணிக் கரைக் கோரையில் நெய்யும் பத்தமடைப் பாய் 2013-ல் புவிசார் குறியீடு பெற்ற பெருமைக்குரிய பொருள்.

ஆனால் காட்டோரத்திலும் வயலோரத்திலும் உள்ள வீடுகளில் கட்டில் ஆடம்பரமன்று, பாதுகாப்பு. கட்டுவிரியன் இரவில் திரியும் பாம்பு. அது கடித்தால் பெரும்பாலும் வலியோ வீக்கமோ இருப்பதில்லை. தரையில் உறங்குபவர் கடிபட்டதையே அறியாமல் போகக்கூடும். தரையை விட்டு உயர்ந்த கட்டிலும், விளிம்புகளை மெத்தைக்கடியில் செருகிய கொசுவலையும் இந்த ஆபத்தை வெகுவாகக் குறைக்கின்றன. எனவே கட்டில் வேண்டும். ஆனால் அதன் தலைமாட்டில் மயிலும் அன்னமும் இருந்தாக வேண்டும் என்பதில்லை. கயிற்றுக் கட்டிலும் நாடாக் கட்டிலும் இரும்புக் கட்டிலும் அதே காவலைத் தருகின்றன.

மரக்கட்டில் வாங்கினால் நன்கு உலர்ந்த மரமா என்று பார்க்க வேண்டும். பச்சை மரம் காயும்போது முறுக்கிக்கொள்ளும், இணைப்புகள் ஆடும். தேக்கில் இயற்கையாக எண்ணெய் இருப்பதால் கரையான் எளிதில் அண்டாது. விலை கட்டுப்படியாகாதபோது வேம்பும் உதவும். மெத்தைக்கும் தலையணைக்கும் இலவம் பஞ்சு ஏற்றது. அதன் இழை உள்ளே குழலாக இருப்பதால் லேசாகவும் காற்றோட்டமாகவும் இருக்கிறது. அவ்வப்போது வெயிலில் போட்டுத் தட்டினால் மறுபடி உப்பிவிடும்.

சுவரும் அழகும்

சின்ன அறைக்கு வெளிர் நிறமே ஏற்றது. வெள்ளைச் சுவர் வெளிச்சத்தைத் திருப்பி அனுப்பி அறையைப் பெரிதாகக் காட்டும். சுண்ணாம்பு அடித்த சுவர் ஏன் இறுகுகிறது தெரியுமா? நீற்றிய சுண்ணாம்பு காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடுடன் சேர்ந்து மீண்டும் சுண்ணாம்புக் கல்லாக மாறுகிறது. அந்தக் கல் அரியலூர் மண்ணில் நிறைந்து கிடப்பதற்குக் காரணம், கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் இங்கே கடல் இருந்ததுதான். பழைய கடலின் சிப்பிகளும் சங்குகளும் கல்லாகி இன்றும் இப்பகுதியில் கிடைக்கின்றன.

அழகுப் பொருளுக்கும் நாம் தொலைதூரம் போக வேண்டியதில்லை. பச்சைமலை அடிவாரத்து அரும்பாவூர் மரச்சிற்பம் 2020-லும், அரியலூர் மாவட்டக் கருப்பூர் கலம்காரி ஓவியம் 2021-லும் புவிசார் குறியீடு பெற்றன. வசதிக்கேற்ப ஒரு சிறு மரச்சிற்பமோ ஒரு முழம் ஓவியத் துணியோ இருந்தால் போதும். ஒரே சுவரில் பத்து ஆணி அடித்துப் பழைய காலண்டர்களை எல்லாம் மாட்டுவது அழகாகாது. கும்பிடும் படம் ஒன்று, முகம் பார்க்கும் கண்ணாடி ஒன்று, கொடி ஒன்று, மற்றவை பெட்டிக்குள்.

தோழியின் வீட்டில்

வரைபடத்தைத் தோழியின் வீட்டில் விரித்து வைத்துப் பேசிக்கொண்டிருந்தோம். அவள் அப்பா காட்டிலிருந்து வந்தவர், அட்டைத் துண்டுகளைச் சற்று நேரம் பார்த்தார். ஒவ்வொன்றாகத் தாமே நகர்த்தினார்.

"இதுல மிஷின் எங்கம்மா?" என்று கேட்டார்.

"வைக்க இடமில்லீங்கப்பா" என்றாள் தோழி.

"சீரு கொறஞ்சா ஊரு என்ன சொல்லும்?" என்றார் அவள் அத்தை.

"ஊரு வந்து வட்டி கட்டுமா?" என்று அவர் திருப்பிக் கேட்டார். அதன்பின் வெகுநேரம் யாரும் பேசவில்லை. அக்கா மட்டும் அடுப்படிக் கதவோரம் நின்று கேட்டுக்கொண்டிருந்தார்.

உண்மையில் மாப்பிள்ளை வீட்டார் எதையும் கேட்கவில்லை. கேட்பதும், கேட்டுக் கொடுப்பதும் 1961-ஆம் ஆண்டு வரதட்சணைத் தடைச் சட்டப்படி குற்றம். கேட்காமல் தரும் வழக்கமான அன்பளிப்பும் தருபவரின் வசதிக்கு மிஞ்சியதாக இருக்கக் கூடாது என்று அச்சட்டமே கூறுகிறது. விரலுக்கேற்ற வீக்கம் என்று நம் பெரியோர் சொன்னதும் அதுதானே!

மறுவாரம் நாங்கள் புதிய வரைபடம் ஒன்று வரைந்தோம். நான்கடி அகலக் கட்டில், தென்சுவரிலிருந்து அரையடி தள்ளி. தலைமாடு மேற்கே, "வடக்கே தலை வைக்காத வரைக்கும் சரி" என்று பாட்டியும் சம்மதித்தார். வாசலை அடுத்த சுவரில் பீரோ. டிரெஸ்ஸிங் டேபிளுக்குப் பதில் சுவரில் ஒரு கண்ணாடி. ஜன்னலடியில் தையல் மிஷின். அதன் பக்கத்தில் சக்கரத்தைச் சுற்றக் கைக்கு அரையடி. மொத்தம் 34 சதுர அடி. அறையில் பாதிக்கு மேல் வெற்றிடம்.

எல்லாமே எங்கள் வரைபடப்படி நடந்துவிடவில்லை. கல்யாணச் செலவுக்குக் கடன் வாங்கத்தான் வேண்டியிருந்தது. பீரோவும் நாங்கள் சொன்னதைவிட விலை கூடியதாகவே வாங்கினார்கள். ஆனால் டிரெஸ்ஸிங் டேபிள் வரவில்லை. கட்டிலை உள்ளூர் ஆசாரி வேப்ப மரத்தில் செய்து கொடுத்தார். அந்த அளவுக்குக் கடன் குறைந்தது. அக்காவின் மிஷின் அவரோடு போயிற்று.

ஆடிக்கு அழைத்து வந்தபோது அக்கா எங்கள் நால்வருக்கும் ஆளுக்கொரு துணிப்பை தைத்துக்கொண்டு வந்தார். "ஜன்னல் வெளிச்சத்துல தைச்சது" என்றார். அதற்கு மேல் எதுவும் சொல்லவில்லை.

முடிவுரை

வீட்டை அளவுக்கு மீறிப் பெரிதாகக் கட்டாதே என்று ஔவையார் ஆத்திசூடியில் அறிவுரை கூறினார். வீட்டுக்குள் வைக்கும் பொருளுக்கும் அதே அறிவுரை பொருந்தும். ஒரு பொருளை வாங்கும் முன் நாம் மூன்று கேள்விகள் கேட்போம். இது எங்கே நிற்கும்? இது வந்தால் யாருக்கு இடம் போகும்? இதற்கான பணம் யாருடைய உழைப்பு?

அன்புத் தோழியரே, அளவு நாடாவும் ஒரு தாளும் பழைய அட்டையும் இருந்தால் இந்தப் பாடத்தை உங்கள் வீட்டிலும் நடத்திப் பார்க்கலாம். வீட்டில் படிக்க இடமில்லையே என்று கவலைப்படுபவர்கள் முதலில் அறையை அளந்து பாருங்கள். பீரோவை ஓரடி நகர்த்தினால் அதன் பின்னே உங்களுக்கான ஜன்னல் ஒன்று இருக்கக்கூடும்.