நீரில் ஓடும் நகரப் பேருந்து

நம் திருமுருகன்பூண்டியில் காலை எட்டு மணிக்குச் சாலையோரம் நின்று பாருங்கள். பனியன் கம்பெனி வேன்களும் டவுன் பஸ்களும் ஒன்றையொன்று முந்திக்கொண்டு திருப்பூரை நோக்கி விரையும். இதே போன்ற காலைக் கூட்டத்தைத் தண்ணீரின் வழியே ஏற்றிச் செல்லும் நகரம் ஒன்று, பாலக்காட்டுக் கணவாயைத் தாண்டிச் சென்றால் இருக்கிறது. அதுதான் கொச்சி.

கொச்சியில் நிலமும் நீரும் பின்னிக் கிடக்கின்றன. எர்ணாகுளத்துக்கு எதிரே தெரியும் வைப்பின் தீவுக்குப் பாலம் வந்ததே 2004-ஆம் ஆண்டில்தான். அதுவரை அத்தீவு மக்கள் நகரத்துக்கு வரப் படகையே நம்பியிருந்தனர். கடைசிப் படகைத் தவறவிட்டவர் பாடு என்னவாகும் என்று எண்ணிப் பாருங்கள், தோழியரே!

கேரள அரசு 1968-ஆம் ஆண்டில் நீர்ப் போக்குவரத்துக்கென்றே ஒரு துறையை ஏற்படுத்தியது. அதன் படகுகளில் கட்டணம் மிகக் குறைவு. ஆனால் ஆபத்தும் இருந்தது. 2002 ஜூலை 27 அன்று முகம்மாவிலிருந்து குமரகம் சென்ற படகு அளவுக்கு மீறிய கூட்டத்துடன் கவிழ்ந்து 29 பேர் மாண்டனர். அவர்களில் பலர் அரசு வேலைக்கான தேர்வு எழுதப் புறப்பட்டவர்கள். 2015 ஆகஸ்டில் கோட்டைக் கொச்சி அருகே பயணிகள் படகின் மீது மீன்பிடிப் படகு மோதி 11 பேர் உயிரிழந்தனர்.

இந்தப் பின்னணியில்தான் 2023 ஏப்ரல் 25 அன்று ‘கொச்சி வாட்டர் மெட்ரோ’ தொடங்கப்பட்டது. 10 தீவுகளை இணைத்து 38 படகுத் துறைகள், 78 படகுகள் என்பது இதன் முழுத் திட்டம். படகுகளைக் கட்டுவது கொச்சிக் கப்பல் கட்டும் தளம். பெரிய படகில் 100 பேர் செல்லலாம். அவர்களில் 50 பேருக்கு இருக்கை உண்டு. மின்கலத்தால் ஓடுவதால் புகையும் இரைச்சலும் இல்லை. துறையில் நிற்கும் பத்துப் பதினைந்து நிமிடங்களிலேயே மின்கலத்தில் மின்சாரம் ஏற்றிவிடலாம். ஒவ்வொருவரும் சுழல் கதவின் வழியே எண்ணிக்கையுடன் உள்ளே விடப்படுவதால், 101-வது ஆள் அடுத்த படகுக்குக் காத்திருக்க வேண்டும். குமரகத்தில் இல்லாமற்போனது இந்தக் கணக்குத்தான்.

எனக்கு மிகவும் பிடித்தது அதன் படகுத் துறை. கடலின் ஏற்ற இறக்கத்தால் காயல் நீர் மட்டமும் ஏறி இறங்கும். துறையின் மேடை மிதப்பதால் அதுவும் நீருடன் சேர்ந்தே ஏறி இறங்குகிறது. ஆகவே மேடையும் படகும் எப்போதும் ஒரே மட்டத்தில் இருக்கும். சக்கர நாற்காலியில் வருபவரும், கூடையுடன் வரும் பாட்டியும் தாண்டிக் குதிக்காமல் ஏறலாம். நம் பஸ் படிக்கட்டின் உயரத்தை எண்ணினால் இதன் அருமை விளங்கும்.

வேகம் அதிகமில்லை, மணிக்குச் சுமார் 15 கிலோமீட்டர்தான். எனினும் நீரில் சிக்னலும் இல்லை, நெரிசலும் இல்லை. உயர் நீதிமன்றத் துறையிலிருந்து வைப்பினுக்கு ஏறக்குறைய 20 நிமிடம். வைற்றிலாவில் ரயில், பஸ், படகு மூன்றும் ஓரிடத்தில் சந்திக்கின்றன. தொடக்கத்தில் குறைந்த கட்டணம் 20 ரூபாய் என வைத்தார்கள். நாள்தோறும் இருவேளை செல்லும் கூலித் தொழிலாளிக்கு அது சற்று அதிகம் என்றே எனக்குத் தோன்றுகிறது. மாதச் சீட்டு ஓரளவு கைகொடுக்கும்.

நம் நொய்யலில் இப்படிப் படகு விடலாமா? முடியாது. அது மழைக்காலத்தில் மட்டும் பெருகும் ஆறு. சாயக் கழிவால் பட்ட பாடு வேறு. ஆனால் காவிரியில், ஈரோடு மாவட்டத்து நெரிஞ்சிப்பேட்டைக்கும் சேலம் மாவட்டத்துப் பூலாம்பட்டிக்கும் இடையே விசைப்படகு ஓடுகிறது. கதவணையில் தேங்கும் நீரே அதற்குப் பாதை. மாணவரும் விவசாயிகளும் இரு சக்கர வண்டிகளுடன் அதில் அக்கரை சேர்கின்றனர். பராமரிப்புக்காகக் கதவணை நீரைத் திறந்துவிடும் நாட்களிலும், மேட்டூரிலிருந்து வெள்ளம் வரும் நாட்களிலும் படகு நின்றுவிடும். அப்போது எதிரே தெரியும் ஊருக்கு அவர்கள் சாலை வழியே சுற்றிக்கொண்டு போக வேண்டியிருக்கிறது.