அமெரிக்க வரியும் அம்மாவின் ஓ.டி.யும்
(விளையாட்டு உடைத் தொழிலில் பொருளாதாரச் சூழல் – ஒரு பார்வை)



பொருளாதாரம் என்றதும், "அது பி.காம். படிக்கிறவங்க சமாச்சாரம், டிப்ளமோ படிக்கிற நமக்கு எதுக்கு?" என்று நம்மில் பலர் நினைப்போம். நானும் அப்படித்தான் இருந்தேன். 2025 செப்டம்பரில் ஒரு நாள், வழக்கமாக இரவு எட்டு மணிக்கு வரும் என் அம்மா ஐந்தரைக்கே வீட்டுக்கு வந்துவிட்டார்.

"இனிமே ஓ.டி. கிடையாதாம். அமெரிக்காக்காரன் வரி போட்டுட்டானாம். ஏன்டா, அவன் அங்க வரி போட்டா இங்க எனக்கு ஏன்டா ஓ.டி. இல்ல? நீதான் படிக்கிறியே, சொல்லு" என்றார்.

அம்மா ஒரு ஏற்றுமதிக் கம்பெனியில் பேட்லாக் டெய்லர். ஜிம்முக்குப் போடும் டி-ஷர்ட், டிராக் பேண்ட் தைக்கிறார். என் செமஸ்டர் பீஸ் அந்த ஓ.டி. பணத்தில்தான் கட்டப்படுகிறது. எங்கள் வீட்டில் முதலில் படிக்க வந்தவன் நான். ஆனால் அன்று எனக்குப் பதில் தெரியவில்லை. படித்தும், கடைக்காரர்களைக் கேட்டும் தெரிந்துகொண்டதை உங்களோடு பகிர்ந்துகொள்கிறேன்.

1. வரி

நம் ஊருக்கு ஏற்றுமதி புதிதல்ல. தாம்பரம் சானடோரியத்தில் மெப்ஸ் தொடங்கியது 1984இல். பின்னலாடை ஏற்றுமதியில் நாட்டிலேயே முதலிடம் நம் திருப்பூருக்கு. நமக்குப் பெரிய வாடிக்கையாளர் அமெரிக்கா.

2025 ஆகஸ்ட் 7இல் இந்தியப் பொருள்களுக்கு அமெரிக்கா 25 சதவீதம் கூடுதல் வரி போட்டது. ஆகஸ்ட் 27இல் இன்னொரு 25. ஆக 50 சதவீதம். இது வழக்கமான சுங்க வரிக்கு மேல். அந்த வழக்கமான வரி பருத்தி டி-ஷர்ட்டுக்கு 16.5 சதவீதம், செயற்கை இழை டி-ஷர்ட்டுக்கு 32 சதவீதம். விளையாட்டு உடை பெரும்பாலும் பாலியஸ்டர்தானே! 10 டாலர் விலையுள்ள பாலியஸ்டர் டி-ஷர்ட்டுக்கு முன்பு வரி 3 டாலர் 20 சென்ட். கூடுதல் வரிக்குப் பின் 8 டாலர் 20 சென்ட். அதே நேரம் வங்கதேசத்துக்கும் வியட்நாமுக்கும் கூடுதல் வரி 20 சதவீதம்தான்.

இந்த வரியைக் கட்டுவது நம் கம்பெனி அல்ல, அங்கே சரக்கை இறக்குமதி செய்பவர். ஆனால் அவர் சும்மா இருப்பாரா? "விலையைக் குறை, இல்லாவிட்டால் ஆர்டர் அடுத்த நாட்டுக்கு" என்பார். ஆர்டர் குறைந்தாலும் கம்பெனியில் கட்டட வாடகை, மிஷின் கடன் குறையாது. இவை நிலையான செலவுகள். ஓ.டி. அப்படியல்ல. சட்டப்படி ஓ.டி.க்கு இரு மடங்கு கூலி. அதாவது கம்பெனிக்கு மிக விலை உயர்ந்த மணி நேரம் அதுதான். எனவே முதல் வெட்டு அங்கேதான் விழுகிறது. அம்மாவின் கேள்விக்குப் பதில் இதுவே!

2. நூலும் ரூபாயும்

பாலியஸ்டர் கச்சா எண்ணெயிலிருந்து பிறக்கிறது. எண்ணெய் விலை ஏறினால் பஸ் டிக்கெட் மட்டுமல்ல, ஜெர்சி விலையும் ஏறும். பருத்திக்கு வேறு கதை. 2021 பிப்ரவரி பட்ஜெட்டுக்குப் பின் பஞ்சு இறக்குமதிக்கு 11 சதவீதம் வரி வந்தது. அமெரிக்க வரியால் தொழில் தடுமாறியபோது, 2025 ஆகஸ்ட் 19 முதல் டிசம்பர் 31 வரை அதற்கு விலக்கு அளித்தார்கள்.

ரூபாய் மதிப்பு இருபுறமும் வெட்டும். 2025 டிசம்பரில் டாலர் முதன்முறையாக 90 ரூபாயைத் தாண்டியது. ஏற்றுமதியாளருக்கு ஒவ்வொரு டாலருக்கும் கூடுதல் ரூபாய் கிடைக்கும். ஆனால் வெளிநாட்டிலிருந்து துணியோ, ஜிப்போ, பிரிண்டிங் இங்க்கோ வாங்கும் சிறு கடைக்காரருக்கு அதே டாலர் சுமையாகிவிடும்.

3. நம்ம ஊர் ஜெர்சிக் கடை

மேற்குத் தாம்பரத்தில் எனக்குத் தெரிந்த அண்ணன் ஒருவர் ஜெர்சி பிரிண்டிங் கடை வைத்திருக்கிறார். டிசைனைப் பேப்பரில் அடித்து, சுமார் 200 டிகிரி சூட்டில் அழுத்தினால், இங்க் ஆவியாகிப் பாலியஸ்டர் இழைக்குள் போய்விடும். அதற்கு சப்ளிமேஷன் என்று பெயர். பருத்தியில் இது சரிவராது.

"மக்கள் கையில காசு குறைஞ்சா வியாபாரம் படுத்துடுமா அண்ணே?" என்று கேட்டேன்.

"அப்படி இல்லப்பா. பெரிய ஷோரூமுக்குப் போறவன்ல பாதி பேர் என்கிட்ட வருவான். என்கிட்ட வர்றவன்ல பாதி பேர் பழைய ஜெர்சியோடயே ஆடுவான்" என்றார்.

பாடப்புத்தகத்தில் பத்துப் பக்கம் இருப்பதை அவர் இரண்டு வரியில் சொல்லிவிட்டார்! பள்ளிக்கூட ஹவுஸ் டி-ஷர்ட் ஜூன் மாதத்தில் எப்படியும் விற்கும். கிரிக்கெட் டீம் ஜெர்சியைத் தள்ளிப் போடலாம். தள்ளிப் போடக்கூடிய பொருளுக்குத்தான் முதல் அடி.

இன்னொன்றும் உண்டு. வெளிநாட்டு ஆர்டர் ரத்தானால் அந்தச் சரக்கு 'எக்ஸ்போர்ட் சர்ப்ளஸ்' என்று நம்ம ஊர் நடைபாதைக்கு வரும். வாங்குபவருக்கு லாபம், உள்ளூரில் தைத்து விற்பவருக்கு நஷ்டம்.

ஜி.எஸ்.டி.யையும் பார்ப்போம். 2025 செப்டம்பர் 22 முதல் 2,500 ரூபாய் வரையுள்ள உடைக்கு 5 சதவீதம். முன்பு 1,000 ரூபாய்க்கு மேல் போனாலே 12 சதவீதம். 1,500 ரூபாய் டிராக் சூட்டுக்கு வரி 180 ரூபாயிலிருந்து 75 ஆனது. ஆனால் நாம் வாங்கும் 400 ரூபாய் ஜெர்சிக்கு முன்பும் 5, இப்போதும் 5! செயற்கை நூலுக்கு 12 சதவீதமாக இருந்த வரி 5 ஆனதால் துணி வழியாகக் கொஞ்சம் பலன் வரலாம்.

4. வட்டி

ரிசர்வ் வங்கியின் ரெப்போ வட்டி 2020 மே மாதம் 4 சதவீதம். 2023 பிப்ரவரியில் 6.5. 2025 டிசம்பரில் 5.25. கடனுக்கு மிஷின் வாங்குபவருக்கு இது முக்கியம். மூன்று லட்சம் கடனில் ஒரு சதவீதம் என்றால் வருடத்துக்கு ஏறக்குறைய 3,000 ரூபாய்.

எங்கள் வீட்டுக்கு ரெப்போ வட்டி வருவதில்லை. ஓ.டி. நின்ற அந்த செமஸ்டரில் அம்மா 50,000 ரூபாய் ஏலச் சீட்டை 9,000 தள்ளி எடுத்தார். அந்த 9,000 ரூபாய்தான் எங்கள் வட்டி. பணம் இல்லாதவனுக்குத்தான் பணத்தின் விலை அதிகம் என்பதை அன்று புரிந்துகொண்டேன்.

முடிவுரை

2016 நவம்பரில் நோட்டு செல்லாமல் போனது, 2020 மார்ச்சில் ஊரடங்கு, 2015லும் 2023லும் டிசம்பர் வெள்ளம் முடிச்சூரை மூழ்கடித்தது. இத்தனையையும் கடந்துதான் நம் பகுதிக் கடைகள் நிற்கின்றன. நின்றவர்களைக் கவனித்தால் சில பாடங்கள் கிடைக்கும். ஒரே நாட்டையோ ஒரே வாடிக்கையாளரையோ நம்பக் கூடாது. சீசன் லாபத்தில் ஒரு பங்கை மழைக்காலத்துக்கு வைக்க வேண்டும். நாளை சொந்தத் தொழில் தொடங்க நினைக்கும் நண்பர்கள் இதை மறக்க வேண்டாம்.

அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "சரி, வரி குறைஞ்சா ஓ.டி. வந்துடுமா?" என்றார்.

"உடனே வராதும்மா. போன ஆர்டர் திரும்பி வர நாளாகும்."

"அப்ப நீ அதுக்குள்ள பாஸ் பண்ணிடு" என்று சொல்லிவிட்டு அடுப்பைப் பற்ற வைக்கப் போனார்.

நண்பர்களே! மிஷினை மட்டும் படித்தால் போதாது. அந்த மிஷின் ஏன் ஓடுகிறது, ஏன் நிற்கிறது என்பதையும் படிப்போம். நம் வீட்டில் யாராவது கேட்டால் பதில் சொல்லத் தெரிய வேண்டும்.

– மூன்றாமாண்டு, இயந்திரவியல் துறை