பழைய வீட்டுக்குப் புது கிச்சன்: ஷட்டர் கலருக்கு முன்னாடி ஆறு கணக்கு

பூந்தமல்லி, திருமழிசை, பட்டாபிராம், திருநின்றவூர் பக்கம் சொந்தக்காரங்க இருக்கிறவங்களுக்கு இந்த மாதிரி வீடு கட்டாயம் தெரிஞ்சிருக்கும். மெயின் ரோட்டுல வரிசையா அபார்ட்மென்ட். நாலு தெரு உள்ளே போனா நாட்டு ஓடோ மெட்ராஸ் டெரஸோ போட்ட ஒரு பழைய வீடு. ஒரு காலத்துல சுத்தி நெல்லு விளைஞ்சிருக்கும். இப்போ நிலமெல்லாம் பிளாட் ஆயிடுச்சு, வீடு மட்டும் அப்படியே நிக்குது. அதை இடிக்க மனசு வராதவங்க முதல்ல கை வைக்கிற இடம் சமையலறைதான்.

இன்ஜினியரிங் படிக்கிற பிள்ளை வீட்டுல இருந்தா, "எந்த மாதிரி கேபினெட் போடலாம், நீயே பார்த்துச் சொல்லு"ன்னு அந்த வேலை நம்ம தலையில வந்து விழும். நாம உடனே போனை எடுத்து படம் பார்க்க ஆரம்பிச்சிடுவோம். ஆனா படத்துல இருக்கிற கிச்சன் எல்லாம் நேரான சுவர், ஈரமில்லாத தரை இருக்கிற புது ஃபிளாட்டுக்காகப் போட்டது. ஒரு தடவை செஞ்சா பத்துப் பதினஞ்சு வருஷத்துக்கு மாத்தப் போறதில்ல. பல வீட்டுல இது கடன் வாங்கிச் செய்யுற வேலை. அதனால கலர் கார்டைப் பிரிக்கிறதுக்கு முன்னாடி இந்த ஆறு கணக்கைப் போட்டுடுங்க. எல்லாமே நாம முதல் வருஷத்துல படிச்ச விஷயம்தான்.

1. யாரோட உயரம்?

கடையில கேட்டா மேடை உயரம் 34 அங்குலம், அதாவது சுமார் 86 செ.மீ.ன்னு சொல்வாங்க. அது ஒரு சராசரி. நின்னுகிட்டு வெட்டுறது, பிசையுறது மாதிரி வேலைக்கு மேடை முழங்கையை விட 10 முதல் 15 செ.மீ. கீழே இருக்கணும் என்பதுதான் எர்கனாமிக்ஸ் சொல்ற விதி. முழங்கை உயரம் ஒருத்தரோட மொத்த உயரத்துல தோராயமா 0.63 பங்கு.

4 அடி 10 அங்குலம் இருக்கிற ஆயாவுக்குக் கணக்கு போடுங்க. 147 செ.மீ. × 0.63 = 93. அதுல 10 முதல் 15 கழிச்சா, மேடை 78 முதல் 83 செ.மீ.க்குள்ள வரணும். 5 அடி 4 அங்குலம் இருக்கிற அம்மாவுக்கு இதே கணக்கு 88 முதல் 93 வரை போகும். மேடை மேல வைக்கிற அடுப்பு இன்னும் நாலஞ்சு அங்குலம் ஏத்திடும். ரெண்டு பேரும் சமைக்கிற வீடுன்னா, அடுப்பு இருக்கிற பகுதியை மட்டும் கொஞ்சம் இறக்கிக் கட்டச் சொல்லலாம். மேஸ்திரிக்கு இது பெரிய வேலை இல்ல. ஆனா கிரானைட் போட்ட பிறகு சொன்னா யாராலயும் எதுவும் பண்ண முடியாது.

சமையலறையை இப்படி அளந்து வடிவமைக்கிறதுல உலகத்துக்கே முன்மாதிரின்னு சொல்றது 1926ல ஆஸ்திரியக் கட்டடக் கலைஞர் மார்கரெட்டே ஷூட்டே-லிஹோட்ஸ்கி உருவாக்கின ஃபிராங்ஃபர்ட் கிச்சன். சுமார் 1.9 மீட்டருக்கு 3.4 மீட்டர் இடத்துல, எத்தனை அடி நடக்கணும், எதை எங்கே எடுக்கணும்னு பார்த்துப் பார்த்து அமைச்சாங்க. அந்த நகரத்தோட குடியிருப்புத் திட்டத்துல ஏறக்குறைய 10,000 வீட்டுக்கு அது போச்சு. இன்னைக்கு நாம மாடுலர் கிச்சன்னு சொல்றதோட மூதாதை அதுதான். மாவு வைக்கிற டப்பாவைக் கூட பூச்சி வராம இருக்க ஓக் மரத்துல செஞ்சாங்க.

ஆனா அது ஒரே ஒருத்தர் தனியா நின்னு சமைக்கிறதுக்கான அறை. நம்ம பழைய வீட்டு அடுப்பங்கரை அப்படி இல்ல. ஒருத்தர் அடுப்புக்கிட்ட நிப்பாங்க, இன்னொருத்தர் கீழே உட்கார்ந்து அரிவாள்மணையில காய் நறுக்குவாங்க. மூணு பக்கமும் கேபினெட் போட்டு U வடிவம் ஆக்கினா முதல்ல காணாமப் போறது அந்தக் கீழே உட்கார்ற இடம்தான். உங்க ஆயாவுக்கு அது இன்னும் வேணுமான்னு பிளான் போடுறதுக்கு முன்னாடியே கேளுங்க. வேணும்னா ஒரு பக்கம் கேபினெட் இல்லாம விடுங்க. கேட்காம விட்டா, புது கிச்சன் வந்த அன்னைக்கே அவங்க சமையலறைக்கு விருந்தாளி ஆயிடுவாங்க.

2. சுவர் நேரா இருக்கா, காய்ஞ்சிருக்கா?

பழைய சுவர் ஒன்னரை அடி தடிமன் இருக்கலாம். ஆனா நேரா இருக்கும்னு நம்பாதீங்க. தூக்குக்குண்டை மேலேர்ந்து விட்டு, மேலே, நடுவுல, கீழே மூணு இடத்துல நூலுக்கும் சுவருக்கும் இடைவெளி அளந்து எழுதுங்க. ஃபேக்டரியில செஞ்ச பெட்டி சரியான செங்கோணத்துல வரும். சுவர் ஒரு அங்குலம் சாய்ஞ்சிருந்தா அந்த ஒரு அங்குலம் சந்தா நிக்கும். கரப்பான் பூச்சி குடும்பத்தோட குடியேற அது போதும்.

மூலை செங்கோணமான்னு பார்க்க பிதாகரஸ் போதும். மூலையிலிருந்து ஒரு சுவர்ல 90 செ.மீ., அடுத்த சுவர்ல 120 செ.மீ. குறிங்க. ரெண்டு புள்ளிக்கும் இடையில சரியா 150 வரணும். ரெண்டு சுவருக்கு நடுவுல கேபினெட் வருதுன்னா நீளத்தை மூணு உயரத்துல அளந்து, அதுல குறைஞ்ச அளவுக்கு ஆர்டர் கொடுங்க. மிச்சத்தை ஃபில்லர் பட்டை வச்சு மூடிக்கலாம். பெரிய அளவுக்குச் செஞ்சுட்டு வந்தா சுவரைத்தான் செதுக்கணும்.

அடுத்தது ஈரம். பழைய வீடுகள்ல பெரும்பாலும் அஸ்திவாரத்துக்கு மேல ஈரத்தடுப்புப் படை கிடையாது. தந்துகி ஏற்றத்துல மண்ணோட ஈரம் சுவர்ல ஏறும், உப்பு பூக்கும். ஒரு சின்ன சோதனை செய்யலாம். ஒரு சதுர அடி பாலித்தீன் ஷீட்டை நாலு பக்கமும் டேப் போட்டு சுவர்ல ஒட்டுங்க. ரெண்டு நாள் கழிச்சுப் பாருங்க. ஷீட்டோட உள்பக்கம் வியர்த்திருந்தா ஈரம் சுவருக்குள்ளேர்ந்து வருது. வெளிப்பக்கம் வியர்த்திருந்தா அது அறைக் காத்துல இருக்கிற ஈரம். முதல் ரகமா இருந்தா, பெட்டியோட பின்பலகையைச் சுவர்ல ஒட்டி வைக்கவே கூடாது. ஒரு அங்குலமாவது இடைவெளி விடணும், இல்லேன்னா பின்னாடி பூஞ்சை பிடிக்கும்.

3. சுவர்ல தொங்கவிடலாமா?

மேல் கேபினெட் ஒன்னு எடுத்துப்போம். 90 செ.மீ. அகலம், 35 செ.மீ. ஆழம், 60 செ.மீ. உயரம். பெட்டி 25 கிலோ, உள்ளே எவர்சில்வர் பாத்திரம் 40 கிலோன்னு வைங்க. மொத்தம் 65 கிலோ, அதாவது சுமார் 640 நியூட்டன். எடையோட மையம் சுவர்லேர்ந்து 17.5 செ.மீ. தள்ளி இருக்கு. திருப்புவிசை 640 × 0.175 = 112 நியூட்டன் மீட்டர். பெட்டி அதோட கீழ் விளிம்பை மையமா வச்சு முன்னாடி சாயப் பார்க்கும். அதை 0.6 மீட்டர் மேல இருக்கிற ஸ்க்ரூ பிடிச்சு நிறுத்தணும். 112 ÷ 0.6 = சுமார் 187 நியூட்டன் வெளியே இழுக்குது, அது போக 640 நியூட்டன் கீழே இழுக்குது.

நல்ல செங்கல்லுக்கு இது பெரிய சுமையே இல்ல. ஆனா பழைய வீட்டுல மேல்பூச்சே ஒன்னு ஒன்னரை அங்குலம் இருக்கும். வழக்கமான சின்ன பிளாஸ்டிக் பிளக் பூச்சைத் தாண்டிச் செங்கல்லைத் தொடவே தொடாது. சுண்ணாம்புச் சாந்து உதிர்ந்தா மொத்தமா கையோட வந்துடும். அதனால முதல்ல ஒரு ஓட்டை போட்டுப் பார்க்கச் சொல்லுங்க. எவ்வளவு ஆழத்துல செந்தூள் வர ஆரம்பிக்குதுன்னு குறிங்க. அங்கேர்ந்துதான் ஆங்கர் நீளத்தைக் கணக்குல எடுக்கணும். சுமையைப் பரப்ப இரும்பு ஹேங்கிங் ரெயில் போடலாம். மண்சாந்துச் சுவர்னா தொங்கவிடுற யோசனையையே விட்டுட்டு, தரையில நிக்கிற உயரமான அலமாரிக்குப் போங்க. பழைய மாடக்குழி இருந்தா அடைச்சிடாதீங்க. சுவரோட தடிமனுக்குள்ளேயே கிடைக்கிற இலவச ஷெல்ஃப் அது.

4. பெட்டியை எதுல செய்யறது?

ஷட்டரைத்தான் எல்லாரும் பார்ப்பாங்க, ஆனா ஆயுசு பெட்டியிலதான் இருக்கு. பார்ட்டிக்கிள் போர்டு, எம்.டி.எஃப். ரெண்டும் மரத்தூளையும் நாரையும் பசை போட்டு அழுத்தினது. தண்ணி உள்ளே போனா அழுத்தின துகள் திரும்ப விரியும், பலகை ஊதும், காய்ஞ்சாலும் பழைய அளவுக்கு வராது. பிளைவுட்ல எம்.ஆர். கிரேடு யூரியா ஃபார்மால்டிஹைட் பசையில ஒட்டினது. அது காத்துல இருக்கிற ஈரத்தைத் தாங்கும், தேங்கின தண்ணியைத் தாங்காது. ஐ.எஸ். 710 முத்திரை இருக்கிற மெரைன் பிளை ஃபீனால் ஃபார்மால்டிஹைட் பசை. 72 மணி நேரம் கொதிக்கிற தண்ணியில போட்டுச் சோதிக்கிற ரகம். சிங்க்குக்குக் கீழே இதைத் தவிர வேற பிளை வேண்டாம்.

ஆனா 2015 டிசம்பர் வெள்ளத்தையும் 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலையும் பார்த்த பகுதி இது. பிளை எவ்வளவு நல்லதா இருந்தாலும் ரெண்டு நாள் சேத்துத் தண்ணியில நின்னா சந்தேகம்தான். கரையானும் சேர்ந்துக்கும். நம்ம ஊர்ல இதுக்கு ஏற்கனவே ஒரு வழி இருக்கு, செமி மாடுலர்னு சொல்வாங்க. கீழே பெட்டியே கிடையாது. மேடைக்குக் கீழே கடப்பா கல்லை நிறுத்தியும் படுக்க வச்சும் தடுப்பும் தட்டும் கட்டிடுவாங்க. முன்னாடி ஃபிரேமும் ஷட்டரும் மட்டும். தண்ணி வந்தா ஷட்டரைக் கழட்டி மேலே வச்சுட்டு, வடிஞ்சதும் கழுவி விட்டா முடிஞ்சது. வீட்டுக்குள்ள தண்ணி வந்த அனுபவம் இருந்தா கீழே கடப்பா, மேலே பிளைவுட், இதுதான் என்னோட தேர்வு. முழு மாடுலர்தான் வேணும்னா 10 செ.மீ. கால் வச்ச பெட்டியும், கையால கழட்டக்கூடிய ஸ்கர்ட்டிங்கும் கேளுங்க.

5. இப்போ ஸ்டைல்

இப்போதான் கலர் கார்டை எடுக்கலாம். தினமும் தாளிக்கிற வீட்டுல பளபளக்கிற அக்ரிலிக் ஷட்டர்ல எண்ணெய்க் கையோட ஒவ்வொரு விரலும் தெரியும், கீறலும் தெரியும். மேட் லேமினேட் இதை மறைக்கும். பி.வி.சி. மெம்பரேன் ஷட்டர்ல அழகான டிசைன் வரும், ஆனா அடுப்புச் சூடு படுற இடத்துல ஓரம் உரியும். ஓரம் செதுக்கின ஷேக்கர் டிசைன் பழைய வீட்டுக்குப் பொருத்தமாத்தான் இருக்கும். ஆனா அந்தப் பள்ளத்துல எண்ணெய்ப் பிசுக்கு சேரும், அடுப்புப் பக்கம் தட்டையான ஷட்டரே நல்லது. கைப்பிடி இல்லாத ஷட்டர் பார்க்க நல்லா இருக்கு, மாவுக் கையோட திறந்து பாருங்க தெரியும்.

வீட்டுல பழைய தேக்கு ஜன்னல், கதவு கழட்டிப் போட்டிருந்தா விக்காதீங்க. நல்ல ஆசாரி கிடைச்சா ரெண்டு மூணு ஷட்டரையாவது அதுலேயே செய்யலாம். சிவப்பு சிமென்ட் தரைக்குப் பக்கத்துல தேக்கும் வெள்ளையும் சேர்ந்தா, புதுசா வாங்குற எந்த டிசைனும் கிட்ட வராது.

கீழ்ப்பகுதியில கதவு வச்ச தட்டை விட டிராயர் நல்லது. பின்னாடி இருக்கிற குக்கரை எடுக்க முட்டி போட வேண்டாம். காசு பத்தலேன்னா ஷட்டர்ல குறைச்சுட்டு, கீல், டிராயர் ரெயில்ல குறைக்காதீங்க. தினமும் அசையுறது அதுதான்.

6. கேஸும் கொட்டேஷனும்

சிலிண்டரை ஷட்டர் போட்டு மறைக்கணும்னு எல்லாருக்கும் ஆசை. காத்தோட சராசரி மூலக்கூறு எடை 29. புரொப்பேன் 44, பியூட்டேன் 58. அதனால கசிஞ்ச கேஸ் மேலே போகாது, தரையோட தங்கும். சிலிண்டர் பெட்டியோட அடியில காத்து போக ஓட்டை இல்லாத எந்த டிசைனையும் ஒத்துக்காதீங்க.

கொட்டேஷன்ல சதுர அடி விலை மட்டும் பார்த்து ஏமாறாதீங்க. அது முன்பக்கத்துப் பரப்பா, உள்பலகையும் சேர்த்தா? பெட்டிக்கு எந்த பிளை, எத்தனை மில்லிமீட்டர்? டிராயர், கூடை, கீல் விலை உள்ளேயா வெளியேயா? ஜி.எஸ்.டி. சேர்த்தா? எல்லாத்தையும் எழுத்துல வாங்குங்க. பலகை வந்து இறங்கும்போது ஐ.எஸ்.ஐ. முத்திரையைப் போட்டோ எடுத்துக்கோங்க. லேமினேட் ஒட்டிட்டா உள்ளே என்ன இருக்குன்னு யாருக்கும் தெரியாது.

அடுத்த லீவுக்கு ஊருக்குப் போகும்போது ஒரு டேப், ஒரு தூக்குக்குண்டு, ஒரு ரசமட்டம் எடுத்துட்டுப் போங்க. முதல்ல சமைக்கிறவங்களோட முழங்கையை அளங்க, அப்புறம் சுவரை. ஒரு பக்க நோட்டுல இந்த ஆறுக்கும் பதில் எழுதிட்டா, எந்தக் கடைக்குப் போனாலும் பேச்சு உங்க கையில இருக்கும்.